அம்மாவுக்கு, குளோனஸிலிருந்து

குளோனஸ்,
மோனகன் மாவட்டம்,
அயர்லாந்து.
டிசம்பர் 7

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். தேவ கிருபையால் நான் நலம். உங்கள் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் குற்றவுணர்ச்சியாக இருந்தது. நான்கு மாதமாக நான் ஒரு வரி எழுதவில்லை. போனில்தான் பேசுகிறோமே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் போனில் உங்களுக்குப் பாதி கேட்பதில்லை, மீதியைத் தம்பியே பேசிவிடுகிறான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

முதலில் நீங்கள் கோபமாகக் கேட்டதற்குப் பதில். "பொழுதன்னைக்கும் நூலும் கையுமா இருக்கியாமே, அதுக்கா அங்க போனே?" என்று எழுதியிருந்தீர்கள். தம்பிதான் சொல்லியிருப்பான். பொழுதன்னைக்கும் இல்லை அம்மா, ட்யூட்டி முடிந்து வந்து ஒரு மணி நேரம்தான். ஒற்றைக் கொக்கி ஊசியால் நூலைப் பின்னுகிற குரோஷா வேலைதான் செய்கிறேன். அதனால் எனக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை, நன்மைதான். அதை விவரமாக எழுதிவிட்டால் உங்களுக்குக் கவலை போய்விடும்.

இங்கே இப்போது நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. காலை எட்டரை தாண்டித்தான் விடிகிறது. நைட் ட்யூட்டி வாரத்தில் சூரியனையே பார்ப்பதில்லை. முன்பெல்லாம் அறைக்கு வந்ததும் போனை எடுப்பேன். ஒன்று மாற்றி ஒன்று பார்த்துப் பார்த்துக் கண் எரியும், தூக்கம் வராது. இப்போது வந்ததும் கொக்கி ஊசியை எடுக்கிறேன். ஒரு வரிசைக்கு நாற்பது கண்ணி, அதாவது நூல் வளையம். எண்ணிக்கை தப்பினால் ஓரம் கோணலாகிவிடும், அதனால் வேறு எதையும் நினைக்க முடியாது. ஒன்று, இரண்டு என்று தமிழில்தான் எண்ணுகிறேன். நாள் முழுக்க வாயில் வராத தமிழ் அந்த நேரத்தில் வருகிறது. நாலு வரிசை முடிவதற்குள் தூக்கம் கண்ணைச் சுற்றும்.

கற்றுக்கொடுத்தது அடுத்த வீட்டு அம்மா. போன தடவை போனில் சொன்னேனே, மழையிலும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ராபின் குருவியோடு பேசுகிறவர். வயது எண்பத்தொன்று. கதவைத் தட்டுகிற பழக்கமே அவருக்குக் கிடையாது, நேராக உள்ளே வந்து கெட்டிலைப் போட்டுவிடுவார். கஷாயம் மாதிரி கறுத்த டீ, கூடவே அவர் சுட்ட சோடா ரொட்டி. பின்னுவதில் ஒரு கண்ணி தப்பினால்கூட விடமாட்டார். ஊசியை உருவி, நூல் முனையைப் பிடித்து இழுத்து, அரை மணி நேர வேலையைக் கண் முன்னாலேயே பிரித்துவிடுவார். முதலில் எனக்கு அழுகையே வந்தது. அப்புறம் புரிந்தது. குரோஷாவில் எப்போதும் ஒரே ஒரு கண்ணிதான் ஊசியில் நிற்கிறது. இரண்டு ஊசிப் பின்னல் மாதிரி நடுவில் கண்ணி நழுவி ஓடாது. தப்பான இடம் வரைக்கும் பிரித்து, அங்கிருந்தே மறுபடி தொடங்கலாம். எதுவும் பாழாவதில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது.

நான் வேலைக்கென்று வந்து சேர்ந்த இந்தச் சின்ன ஊர் லேஸுக்குப் பேர் போனது என்று அவர் சொல்லித்தான் தெரியும். 1845-ல் இங்கே உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் வந்தது. ஏறக்குறைய பத்து லட்சம் பேர் செத்துப்போனார்கள், அதே அளவு பேர் கப்பலேறினார்கள். அந்தப் பஞ்சத்தில், 1847-ல், இந்த ஊர்ப் பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் ஏழைப் பெண்களுக்குக் குரோஷா லேஸ் கற்பிக்க ஏற்பாடு செய்தார். ரோஜா, இலை, மூவிலைக் கொடி என்று தனித்தனியாகப் பின்னி, நடுவில் சின்னச் சின்ன முடிச்சு வைத்த வலையால் இணைப்பார்கள். அதற்குக் குளோனஸ் முடிச்சு என்றே பெயர். அந்தக் காசில் வீடுகளில் அடுப்பு எரிந்தது.

இதைக் கேட்டதும் எனக்குப் பாட்டி ஞாபகம்தான். நம்ம நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் 1821-லேயே லேஸ் தொடங்கிவிட்டாரே! பாட்டி பின்னியது குரோஷா இல்லை, தலையணையில் குண்டூசி குத்தி, மரக்கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னுவது. ஆனால் கதை ஒன்றுதானே அம்மா? அங்கேயும் மிஷனரியின் மனைவி, இங்கேயும் பாதிரியாரின் மனைவி, இரண்டு ஊரிலும் கையில் காசில்லாத பெண்கள். அடுத்த வீட்டு அம்மாவிடம் சொன்னேன். நம்ம ஊருக்கு இருபத்தாறு வருஷம் மூப்பு என்று சொன்னபோது அவர் எழுந்து என் கையைக் குலுக்கினார்.

கால்வாய்க் கரையில் இருக்கும் பழைய சரக்குக் கட்டடத்தில் அந்த லேஸ்களைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். போன மாதம் கூட்டிப்போனார். ஒரு வெள்ளைக் காலர் இருந்தது. அதைப் பார்த்ததும் உங்கள் டிரங்குப் பெட்டி வாசனை வந்தது, பாச்சா உருண்டையும் பழைய துணியும் கலந்த அந்த வாசனை. பாட்டி பின்னிய மேஜை விரிப்பைக் கிறிஸ்துமஸுக்கு மட்டும்தானே வெளியே எடுப்பீர்கள். திண்ணையில் பாட்டியின் மரக்கட்டைகள் ஒன்றோடொன்று தட்டுகிற சத்தம்கூடக் கேட்டது அம்மா. அங்கேயே நின்று அழுதுவிட்டேன். அவர் எதுவும் கேட்கவில்லை. இப்போது நீங்கள் முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்துக்கொண்டிருப்பீர்கள். இந்த வருஷமும் வர முடியவில்லை. டிக்கெட் விலையெல்லாம் காரணம் இல்லை, லீவு கிடைக்கவில்லை.

சரி, மற்றதைச் சொல்கிறேன். நான் வேலை செய்யும் முதியோர் ஹோமில் ஞாபக மறதி முற்றிய ஒரு பாட்டி இருக்கிறார். சதா போர்வையைப் பிய்த்துக்கொண்டே இருப்பார், விரல் நகமெல்லாம் புண். அவருக்கு ஒரு கைக்குழல் பின்னிக் கொடுத்தேன். இரண்டு கையையும் உள்ளே விட்டுக்கொள்ளலாம். உள்ளும் வெளியுமாகப் பட்டன், ரிப்பன், மணி வைத்துத் தைத்திருக்கிறேன். இப்போது அதைத் தடவிக்கொண்டே அமைதியாக இருக்கிறார். ஒருநாள் என் ஊசியை வாங்கிப் பத்துச் சங்கிலிக் கண்ணி பின்னிவிட்டார்! மகன் பெயர் நினைவில்லை, விரலுக்கு நினைவிருக்கிறது. அன்று முழுக்க எனக்கு மனது நிறைந்திருந்தது.

தம்பி கிண்டல் செய்தால் இதைச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவில் வொலங்காங் பல்கலைக்கழகத்தார் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட குரோஷாக்காரர்களிடம் கேட்டு 2020-ல் எழுதியிருக்கிறார்கள். பத்தில் ஒன்பது பேர் மனம் அமைதியாகிறது என்றார்களாம். பின்னுகிறவர்களிடமே கேட்டால் வேறென்ன சொல்வார்கள் என்பான். சொல்லட்டும், எனக்கு என் தூக்கமே சாட்சி.

நூலுக்கு வீண் செலவு செய்யவில்லை. பழைய சாமான் கடையில் மிச்ச நூல் உருண்டைகளை ஒரு பை ஐந்து யூரோவுக்கு வாங்குகிறேன். சதுரம் சதுரமாகப் பின்னி இணைத்த கம்பளம் கட்டிலை மூடும் அளவுக்கு வந்துவிட்டது. அதைப் போர்த்திக்கொண்டால் ஹீட்டரே வேண்டாம், நான் போடுவதும் இல்லை. மீன் விலை அதிகமாக இருந்தாலும் முட்டை நல்ல மலிவு, சாப்பாட்டுக்குக் குறை இல்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அப்பா போனபிறகு நீங்கள் ஊசியைத் தொடவே இல்லை. மறுபடி எடுங்கள். மெல்லிய நூல் வேண்டாம், கண்புரை ஆபரேஷன் ஆன கண்ணுக்கு ஆகாது. வெளிர் நிறத்தில் தடித்த நூலும் ஐந்து மில்லிமீட்டர் ஊசியும் போதும். மணிக்கட்டு வலித்தால் பேனா பிடிப்பதுபோல் பிடிக்காமல் காய் நறுக்கும் கத்திபோல் பிடியுங்கள். நூலை இறுக்கிப் பிடிக்காதீர்கள், நான் அப்படிச் செய்துதான் முதல் மாதம் தோள் வலியோடு இருந்தேன். வடசேரிப் பக்கம் போகும்போது வாங்கி வரத் தம்பியிடம் சொல்லுங்கள்.

சீட்டுப் பணம் 15-ம் தேதிக்குள் வந்துவிடும், ஒரு நாள் முன்பின் ஆனால் பயப்பட வேண்டாம். தென்னைக் குத்தகையைப் பழைய தொகைக்கே மறுபடி கொடுக்காதீர்கள், சித்தப்பாவை வைத்துப் பேசுங்கள். அடுக்களை ஓடு மாற்றுவதை அடுத்த மழைக்கு முன்னால் செய்யலாம், இப்போது கடன் வாங்க வேண்டாம். தம்பி பைக் வாங்கப்போவதாகச் சொன்னான், அதைப் பற்றி அவனிடம் நானே பேசுகிறேன். ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில் கண் காட்டிய சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அக்கா பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குத் தொப்பி பின்னுகிறேன், ஓரத்தில் குளோனஸ் முடிச்சு வைத்து. தலைச் சுற்றளவை அளந்து எழுதச் சொல்லுங்கள். டேப்பால் அளக்கட்டும், நூலால் அளந்தால் இழுபட்டுவிடும்.

அன்புடன்,
உங்கள் மகள்