ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய படம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில், "அன்னிக்கு நாம ஏம்மா கம்போடியாவுக்குப் போனோம்?" என்று கேட்டாய். அடுப்பில் வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் அப்போது ஒன்றும் இல்லை. நான்கு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பேச்சில் சொல்ல வராது போலிருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

2010 ஜூன் விடுமுறை. நீ தொடக்கநிலை ஐந்து, தம்பி மூன்று. தட்டில் பாதிச் சோற்றை ஒதுக்கிவிட்டு எழுந்து போவீர்கள். நான் வளர்ந்தது எட்டுப் பேர் இருந்த ஓரறை வீட்டில். ஒரு துண்டு மீனை உன் பாட்டி மூன்றாகப் பிய்த்து வைப்பார். "இல்லாதவங்க எப்படி இருக்காங்கன்னு என் பிள்ளைங்க கண்ணால பார்க்கட்டும்" என்று அப்பாவிடம் பிடிவாதம் பிடித்தது நான்தான். சியெம் ரீப் ஊரின் ஓரத்தில் ஒரு அநாதை இல்லம், ஐந்து நாள் தொண்டு, ஒரு நாள் அங்கோர் கோயில். மற்ற குடும்பங்களும் பிள்ளைகளோடு வந்ததால் நல்ல காரியம் என்றே நம்பினேன்.

திரும்பி வந்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிங்கப்பூரில் இறங்கி, சாங்கி விமான நிலையத்திலிருந்து டாக்சியில் வந்தோம். வழியெல்லாம் நீ வாயைத் திறக்கவில்லை. தூக்கம் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் உன் காலணியை வாளியில் ஊறப்போட்டேன். அந்த ஊர்ச் செம்மண் தையலுக்குள் எல்லாம் ஏறியிருந்தது. மூன்று தண்ணீர் மாற்றியும் சிவப்பாகவே வந்தது. நீ பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு மெதுவாகக் கேட்டாய்: "அடுத்த வாரம் அவ யார் மடியில உட்காருவா?"

"நம்மள மாதிரி வேற யாராச்சும் வருவாங்க" என்றேன். ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன், பாப்பா.

இல்லத்தில் இருந்த அந்தச் சின்னப் பெண்ணுக்கு அப்போது நான்கு வயது இருக்கும். நாம் போய் இறங்கிய அரை மணி நேரத்தில் உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு "பொங், பொங்" என்று கூப்பிட்டாள். அவர்கள் மொழியில் அக்கா என்று அர்த்தம் என்றதும் உனக்கு எவ்வளவு சந்தோஷம்! நான் எடுத்த அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். இரண்டே நாளில் காணோம். உன் மேசை இழுப்பறையில் கவிழ்ந்து கிடந்தது. "நல்ல ஞாபகத்தை இப்படியா மூடி வைப்பாங்க" என்று திட்டினேன். நீ எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

நீ அங்கே பார்த்த இரண்டு விஷயங்களை நானும் பார்த்தேன். அதைத்தான் இத்தனை நாள் உன்னிடம் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒன்று, நாம் மஞ்சள் அடித்த சுவர். மூலையில் நகத்தால் சுரண்டி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். அடியில் நீலம், அதற்கும் அடியில் பச்சை. எல்லாம் புதுப் பூச்சுதான், ஒன்றுகூட வெளுத்திருக்கவில்லை. நமக்கு முன்னால் வந்த குழுக்களும் அதே சுவருக்குத்தான் வண்ணம் அடித்திருக்கிறார்கள். "கையை அழுக்காக்காதே" என்றேன்.

இன்னொன்று, கடைசி நாள் சைக்கிளில் மாம்பழப் பையோடு வந்த அந்தப் பெண். குழந்தை உன் மடியிலிருந்து குதித்து "மாக்!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். நம் புளோக்கில் மலாய்ப் பிள்ளைகள் அம்மாவைக் கூப்பிடுகிற அதே சொல். எனக்கும் காதில் விழுந்தது. "அம்மா, அவளுக்கு அம்மா இருக்காங்க" என்றாய். சித்தியாக இருக்கும் என்று சொல்லி உன் வாயை அடைத்தேன்.

இரண்டு வருஷம் கழித்துத்தான் விவரம் படித்தேன். 2005க்கும் 2010க்கும் இடையில் கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்கள் 75 விழுக்காடு கூடியிருந்தன. அங்கிருந்த நான்கு பிள்ளைகளில் கிட்டத்தட்ட மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். சாப்பாடும் படிப்பும் கிடைக்கும் என்று நம்பி, ஏழ்மையால் கொண்டுவந்து விட்ட பிள்ளைகள் அவர்கள். நம்மைப் போல வருகிறவர்களின் பணம் இருப்பதால் இல்லங்கள் பெருகின, இல்லங்கள் பெருகியதால் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யூனிசெஃப் ஆதரவோடு ஃபிரண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற தொண்டு அமைப்பு 2011இல் நடத்திய பிரசாரத்தின் பெயரே, குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள்கள் அல்ல என்பதுதான். அதன் சுவரொட்டியில் கண்ணாடிப் பெட்டிக்குள் பிள்ளைகள் இருக்க, சுற்றி நின்று படம் எடுக்கிறார்கள். கையில் கேமராவோடு அங்கே நான் நிற்பது போலவே இருந்தது.

அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ உயர்நிலைப் பள்ளியில் மும்முரமாக இருந்தாய், இப்போது எதற்கு என்று விட்டுவிட்டேன். உண்மையில் வெட்கம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உங்களுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்றுதான் போனோம். அதற்கு இன்னொருத்தி பெற்ற பிள்ளையைக் கடன் வாங்கினேன். அந்தக் குழந்தை ஐந்து நாளைக்கு ஒருமுறை ஒரு அக்காவைப் பறிகொடுத்துக்கொண்டே இருந்திருப்பாள். டிக்கெட், தங்குமிடம், நன்கொடை என்று 4,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் செலவழித்தோம். அதில் ஒரு பங்கு அந்த மாம்பழப் பைக்காரம்மாவின் கைக்குப் போயிருந்தால், மகளை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைத்திருப்பார்.

இனி யாருக்கும் உதவாதே என்று சொல்ல வரவில்லை. குடும்பங்கள் பிள்ளைகளைப் பிரியாமல் இருக்க வேலை செய்கிறவர்களுக்கு நானும் அப்பாவும் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிவருகிறோம். நாங்கள் போய்ப் பார்ப்பதில்லை.

பாப்பா, பதினொரு வயதில் உனக்குத் தெரிந்தது நாற்பது வயதில் எனக்குத் தெரியவில்லை. உன்னை அன்று திட்டியதற்கு அம்மாவை மன்னித்துவிடு.

அந்தப் படம் இன்னும் உன் இழுப்பறையில்தான், நீ வைத்த மாதிரியே கவிழ்ந்து கிடக்கிறது. போனில் எடுத்து அக்காவுக்கு அனுப்பவா என்று தம்பி கேட்டான், வேண்டாம் என்றேன். அந்தப் பெண் இப்போது வளர்ந்து நிற்பாள். அவளைக் கேட்காமல் எடுத்த படம் அது. நீ டிசம்பரில் வரும்போது என்ன செய்யலாம் என்று சொல்.

அன்புடன்,
அம்மா