தம்பிக்கு, 1187 பத்தி அம்மா எழுதுறது

தம்பி, நல்லா இருக்கியா. நேத்து போன்ல பாதி சொல்றதுக்குள்ள சிக்னல் போயிருச்சு, திருப்பிக் கூப்பிட்டா உனக்கு டூட்டி நேரம் ஆயிரும்னு விட்டுட்டேன், அதான் உக்காந்து டைப் பண்றேன். மெதுவா படி, வெள்ளிக்கிழமை லீவுல படிச்சாலும் சரி.

நீ ஜோர்டான்லேருந்து அனுப்புன கெராக் கோட்டை போட்டோவ அப்பாவும் நானும் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தோம். "கைடு 1187, 1187னு நாலு தடவ சொன்னாரும்மா, அப்படி என்னதான் நடந்துச்சு அந்த வருஷம்"னு கேட்டியே, எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. முப்பது வருஷம் ஹிஸ்டரி எடுத்திருக்கேன், சிலுவைப் போர க்ளாஸ்ல அரைப் பக்கத்துல முடிச்சிருவோம், போர்ஷன் முடிக்கணும்ல. உனக்கு அப்படி முடிக்க முடியாது.

நீ நின்ன அந்தக் கோட்டைலேருந்தே ஆரம்பிக்கிறேன். அது அப்போ ரெய்னால்ட்னு ஒருத்தன் கைல இருந்துச்சு. ஜெருசலேம் 1099ல இருந்து சிலுவைப் போர்க்காரங்ககிட்ட, அதாவது ஐரோப்பாலேருந்து வந்த கிறிஸ்தவப் படைங்ககிட்ட, சுத்தி முஸ்லிம் சுல்தான் சலாவுதீனோட ராஜ்யம், ஒரு பக்கம் எகிப்து ஒரு பக்கம் சிரியா. நடுவுல போற வியாபாரக் கூட்டம் எல்லாம் கெராக் பக்கமாத்தான் போகணும். சண்டை நிறுத்தம் பேசி கையெழுத்து ஆகியிருந்தும் இவன் கெய்ரோலேருந்து டமாஸ்கஸ் போன பெரிய ஒட்டகக் கூட்டத்தப் புடிச்சுக் கொள்ளையடிச்சுட்டான். திருப்பிக் குடுன்னு சலாவுதீன் கேட்டு, ஜெருசலேம் ராஜாவே கேட்டும் இவன் குடுக்கல. இவன் தலைய என் கையாலயே எடுப்பேன்னு சலாவுதீன் சபதம் போட்டாரு. 1187 தொடங்கும்போதே நெலம இதுதான்.

அந்த ஜெருசலேம் ராஜா பேரு கீ. தொழுநோயோட ஆட்சி பண்ணுன நாலாம் பால்ட்வின் 1185ல செத்து, அவர் அக்கா மகன் சின்னப் பையன் ராஜாவாகி அவனும் மறுவருஷம் போய், அப்புறம் அந்த அக்கா சிபில்லா கிரீடத்த வாங்கித் தன் புருஷன் கீ தலைல வச்சுட்டா. இதுல பாதிப் பேருக்கு இஷ்டமில்ல, முக்கியமா திரிபோலி பிரபு ரேமண்ட். அவரு கோவத்துல சலாவுதீன்கூட தனியா சமாதானம் பேசிக்கிட்டாரு. அது தப்புதான், நான் இல்லன்னு சொல்லல. அந்த சமாதானத்தால மே 1ஆம் தேதி சலாவுதீன் ஆளுங்க இவரு எல்லைக்குள்ள வந்துட்டுப் பொழுது சாயுறதுக்குள்ள திரும்பிப் போக அனுமதி குடுத்தாரு, அத டெம்ப்ளர்ங்கிற துறவி வீரர்களோட தலைவன் ஜெரார்ட் கேள்விப்பட்டு, நூத்திச் சொச்சம் குதிரைவீரர்கள மட்டும் கூட்டிட்டு நாசரேத் பக்கத்துல ஆயிரக்கணக்கான பேர் மேல போய் விழுந்தான். கூட வந்தவங்க வேணாம்னு சொல்லியும் கேக்கல. போனவங்கள்ல தப்பிச்சது விரல் விட்டு எண்ணலாம், அதுல ஜெரார்ட் ஒருத்தன். இந்தப் பேர ஞாபகம் வச்சுக்க.

ஜூலை 2. சலாவுதீன் படையோட வந்து கலிலேயா கடல் ஓரத்துல திபேரியா ஊரப் புடிச்சுட்டாரு. உள்ள சின்னக் கோட்டைல மாட்டிக்கிட்டது யாரு தெரியுமா, ரேமண்டோட சம்சாரம் எஷீவா. கீயோட படை அங்கேருந்து 25 கிலோமீட்டர் தள்ளி சஃபூரியாவுல, நல்ல ஊத்து, புல்லு, நிழல் எல்லாம் இருக்குற எடம். 1,200 குதிரைவீரர்கள், காலாட்படையெல்லாம் சேத்தா கிட்டத்தட்ட 20,000 பேர். எல்லாரும் கிளம்பு கிளம்புன்னு நிக்கிறாங்க, அப்ப ரேமண்ட் எந்திரிச்சு சொல்றாரு, திபேரியா என்னோட ஊரு, உள்ள இருக்குறது என் பொண்டாட்டி, அது போனா நஷ்டம் எனக்குத்தான், ஆனாலும் போகாதீங்க, வழில தண்ணி இல்ல, மொத்தப் படையும் போயிரும்னு. தம்பி, நான் இத எத்தன தடவ படிச்சிருப்பேன், ஒவ்வொரு தடவயும் இந்த எடத்துல நிறுத்திட்டுத்தான் அடுத்த பக்கம் போவேன். தன் வீட்டுப் பொம்பள எதிரி கைல மாட்டியிருக்கும்போது மத்தவன் புள்ளைங்க உயிர நெனைக்க முடிஞ்சிருக்கு அந்த மனுஷனுக்கு.

ராஜாவும் சரின்னு ஒத்துக்கிட்டாரு. எல்லாரும் படுக்கப் போனப்புறம் ஜெரார்ட் தனியா ராஜா கூடாரத்துக்குப் போயி, அவன் துரோகி, சலாவுதீன்கூட கூட்டு வச்சவன், அவன் பேச்சக் கேட்டா உனக்கு அவமானம்னு ஓதிட்டான். விடியறதுக்குள்ள கிளம்புங்கன்னு ஆர்டர் வந்துருச்சு.

ஜூலை மாச வெயில். இரும்பு வளையம் பின்னுன கவசத்தப் போட்டுட்டு, மேல அம்பு விழ விழ நடக்குறாங்க. வழில துரான்னு ஒரு ஊத்து, அதையும் தாண்டிப் போயிட்டாங்க, பின்னாடியே சலாவுதீன் ஆளுங்க வந்து அந்த ஊத்த மறிச்சுக்கிட்டாங்க. ராத்திரி தண்ணி இல்லாத மேட்டுல தங்கல். நம்ம ஊர்ல சித்திரைல மணல்ல ஊத்துத் தோண்டி, ஊறி வர்ற வரைக்கும் காத்திருந்து சிரட்டையால அள்ளி அள்ளி ஒரு குடம் ரொப்புவோம், நடுவுல ஒரு மாடு வந்து வாய வச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், அந்த ராத்திரி அத்தன ஆயிரம் பேரும் குதிரைங்களும் எப்படிக் கெடந்திருப்பாங்கன்னு நெனச்சா நாக்கு ஒட்டுது. சலாவுதீன் பக்கம் ஒட்டகத்துல தண்ணி வந்துக்கிட்டே இருந்துச்சு. காலைல காஞ்ச புல்லுக்குத் தீ வச்சு புகைய இவங்க பக்கம் விட்டாங்க.

மறுநாள் 4ஆம் தேதி, ஹத்தீன் கொம்புன்னு ரெட்டை முனை வச்ச ஒரு குன்று, அங்க முடிஞ்சுது. காலாட்படை தாகத்துல வரிசையக் கலைச்சுட்டு மேல ஏறிருச்சு. ரேமண்ட் குதிரையோட பாஞ்சாரு, எதிர்ல இருந்தவங்க விலகி வழி விட, அப்படியே வெளிய போயிட்டாரு, அந்த வருஷமே செத்தும் போயிட்டாரு.

சலாவுதீன் மகன் அல் அஃப்தலுக்கு அப்போ பதினேழு வயசு இருக்கும், அப்பா பக்கத்துல நின்னு பாத்தத பிற்பாடு சொன்னது பதிவாகியிருக்கு. எதிரி மேல ஏறுறான், இறங்குறான், திரும்பி வர்றான், அப்பா மொகம் வெளுத்துப் போயி தாடியப் புடிச்சுட்டு நிக்கிறாரு. பையன் ஜெயிச்சுட்டோம் ஜெயிச்சுட்டோம்னு கத்துறான். ரெண்டாவது தடவ கத்தினப்போ அப்பா, சும்மா இருடா, அந்தக் கூடாரம் விழுற வரைக்கும் ஜெயிக்கலைங்கிறாரு. சொல்லி வாய மூடல, ராஜாவோட கூடாரம் சரிஞ்சுது. சலாவுதீன் குதிரைலேருந்து எறங்கி மண்ணுல நெத்திய வச்சு அழுதுட்டாரு.

அன்னிக்குச் சாயந்திரம் கீயக் கூடாரத்துல உக்கார வச்சு பனி போட்ட சில்லுத் தண்ணி குடுத்தாரு. கீ குடிச்சுட்டுப் பக்கத்துல இருந்த ரெய்னால்ட் கைல குடுத்தான். அவங்க வழக்கத்துல கைதிக்குத் தண்ணி குடுத்தா உயிருக்கு அபயம்னு அர்த்தம். உடனே சலாவுதீன், அவனுக்கு நான் குடுக்கல, நீ குடுத்ததுன்னு சொல்லிட்டாரு. அப்புறம் சபதத்த முடிச்சாரு. புடிபட்ட டெம்ப்ளர், அதே மாதிரி இன்னொரு துறவி வீரர் கூட்டமான ஹாஸ்பிடலர் வீரர்கள் ஏறக்குறைய 200 பேரையும் வெட்டிட்டாங்க, ஜெரார்ட மட்டும் விட்டு வச்சாங்க. இதச் சொல்லாம சலாவுதீனப் புகழ்ந்துட்டுப் போறது எனக்குப் புடிக்காது.

அதுக்கப்புறம் ஆக்கர், சீதோன், அஸ்கலான்னு ஊர் ஊரா சரிஞ்சுது. தீரு பட்டணம் மட்டும் நின்னுச்சு, அதுவும் தற்செயல்தான். கான்ராட்னு ஒருத்தர் கான்ஸ்டான்டிநோபிள்லேருந்து விஷயமே தெரியாம கப்பல்ல ஆக்கர் வந்தாரு, கப்பல் வந்தா அடிக்கிற மணி அடிக்கல, சந்தேகப்பட்டு அப்படியே தீருவுக்குப் போயி கோட்டையக் காப்பாத்துனாரு. அவரோட வயசான அப்பா ஹத்தீன்ல புடிபட்டவரு, அவரக் கொண்டாந்து சுவருக்கு முன்னாடி நிறுத்தி ஊரக் குடு, அப்பாவ விடுறோம்னாங்க. மாட்டேன்னுட்டாரு. நல்லவேள, சலாவுதீன் அந்தக் கெழவர ஒண்ணும் பண்ணல, மறுவருஷம் விட்டுட்டாரு.

ஜெருசலேம் அக்டோபர் 2ல விழுந்துச்சு. காத்தவரு பாலியன். தன் சம்சாரம் மரியாவையும் புள்ளைங்களையும் கூட்டிட்டு வர ஒரே ஒரு ராத்திரிக்குன்னு சத்தியம் பண்ணி உள்ள போனவரு, ஜனங்க கெஞ்சவும் தங்கிட்டாரு, சத்தியத்துலேருந்து விடுவிங்கன்னு சலாவுதீனுக்கே ஆள் அனுப்புனாரு. அவரும் விடுவிச்சு, அந்தம்மாவையும் புள்ளைங்களையும் காவல் போட்டுப் பத்திரமா அனுப்பி வச்சாரு. கடைசில பேச்சுவார்த்தைல ஆம்பளைக்கு 10 தீனார், பொம்பளைக்கு 5, சின்னப் புள்ளைக்கு 1 இல்ல 2, கட்டினா வெளிய போலாம், 40 நாள் டைம். கட்ட முடியாத ஏழைங்க 7,000 பேருக்கு மொத்தமா 30,000 தீனார் சலாவுதீனுக்குக் கட்டி வெளிய அனுப்புனாங்க. அப்பயும் பத்தாயிரத்துக்கு மேல மிஞ்சுனாங்க, அவங்க எல்லாம் அடிமையாப் போனாங்க. தலைமை குரு ஹெராக்ளியஸ் தனக்கு 10 தீனார் கட்டிட்டு, தங்கமும் வெள்ளியுமா வண்டில ஏத்திட்டுப் போனாரு. சலாவுதீன் தம்பி அல் ஆதில் எனக்கு ஆயிரம் பேரக் குடுங்கன்னு கேட்டு வாங்கி, வாங்குன எடத்துலயே விட்டுட்டாரு. 1099ல இதே ஊர்ல சிலுவைப் போர்க்காரங்க நொழஞ்சப்போ ரத்தம் ஓடுச்சு. இந்தத் தடவ அந்த மாதிரி படுகொல நடக்கல, ஆனா காசில்லாத தாயும் புள்ளையும் சந்தைக்குப் போனத நல்லபடியா முடிஞ்சுதுன்னு எழுத எனக்குக் கை வரல.

அந்த ஒரே வருஷத்துல மூணு போப். மூணாம் அர்பன் அக்டோபர்ல செத்தாரு, அடுத்து வந்த எட்டாம் கிரகரி அடுத்த சிலுவைப் போருக்கு அழைப்பு விட்டுட்டு ரெண்டு மாசம்கூட இருக்கல. அதத்தான் மூணாவது சிலுவைப் போர்ம்பாங்க, அத இன்னொரு நாள் சொல்றேன்.

உன் கெராக் கோட்டை அவ்வளவுக்கும் அப்புறமும் விழல. ரெய்னால்ட் போயும் உள்ள இருந்தவங்க 1188 கடைசி வரைக்கும் பசியோட தாக்குப் புடிச்சாங்க. மழைத்தண்ணி சேத்து வைக்கிற தொட்டி அங்க இன்னும் இருக்கு. அடுத்த தடவ போறப்ப எங்கன்னு கைடுகிட்ட கேட்டு ரெண்டு போட்டோ எடுத்து அனுப்பு, எனக்கு அதப் பாக்கணும். வண்டில ரெண்டு கேன் தண்ணி ஏத்திக்கோ, கூட வர்றவங்களுக்கும் சேத்து.

அம்மா