நஞ்சோடையில் இருப்பதும் கைக்கு வருவதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கனிம வளம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கடல்நீரிலேயே மக்னீசியம், பொட்டாசியம், புரோமின் எல்லாம் கொட்டிக் கிடக்கின்றன, உப்பளக்காரர்கள்தான் அதை எடுக்காமல் வீணாகக் கடலுக்கே திருப்பி விடுகிறார்கள் என்று கடைசிப் பத்தியில் எழுதியிருந்தார் கட்டுரையாளர். நான் ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கம் பக்கத்தில் பல வருடம் உப்பளக் கணக்கு எழுதியவன். நடுவில் எட்டு வருடம் குத்தகைக்குப் பாத்தி எடுத்து ஓட்டிக் கையைச் சுட்டுக்கொண்டதும் உண்டு. 'வீணாக' என்ற சொல் உறுத்தியதால் இதை எழுதுகிறேன்.

கட்டுரையாளர் கணக்கில் தப்பில்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் எல்லா உப்புகளும் சேர்ந்து 35 கிராம் அளவு இருக்கும். நாம் சோற்றில் போடுகிற சோடியம் குளோரைடு அதில் 27 கிராம்தான். மக்னீசியம் 1.3 கிராம், பொட்டாசியம் 0.4 கிராம், புரோமின் வெறும் 65 மில்லிகிராம். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை என்று வைத்துக்கொண்டாலும் ஒரு டன் உப்புக்கு 37,000 லிட்டர் கடல்நீர் வேண்டும். எங்கள் ஊருக்கு வரும் 12,000 லிட்டர் குடிதண்ணீர் லாரியில் மூன்று லாரிக்கும் மேலே. அவ்வளவு தண்ணீரில் மக்னீசியம் 48 கிலோ, பொட்டாசியம் 15 கிலோ, புரோமின் இரண்டரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. காகிதத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது.

இனி அளத்துக்குள் நடப்பதைச் சொல்கிறேன். தெப்பத்துக்கு, அதாவது கடல்நீரை முதலில் தேக்கும் குளத்துக்கு, வரும் கடல்நீர் 3 டிகிரி. (இது வெப்பத்தின் டிகிரி இல்லை, தண்ணீர் எவ்வளவு கெட்டி என்று காட்டும் அளவு. போமே என்பது முழுப்பெயர், அளத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, 'டிகிரி பார்த்தாச்சா' என்றுதான் கேட்பார்கள்.) வெயிலும் கச்சான் காற்றும் குடிக்கக் குடிக்கத் தண்ணீர் கெட்டிப்படும். 15 டிகிரியை ஒட்டி ஜிப்சம் தரையில் படியத் தொடங்கும். 25 டிகிரியில் பாத்தியில் உப்பு பூக்கும். 29, 30 டிகிரி வந்ததும் மிச்சத் தண்ணீரைத் திறந்துவிட்டாக வேண்டும். அதைத்தான் நாங்கள் நஞ்சோடை என்போம். கட்டுரையாளர் சொல்லும் புதையல் முழுக்க அதில்தான் இருக்கிறது. நாக்கில் ஒரு துளி வைத்தால் உப்பே தெரியாது, வெறும் கசப்பு.

திறந்துவிட மனசு வராது என்பதுதான் சிறு குத்தகைக்காரரின் முதல் சிக்கல். மூன்று டிகிரித் தண்ணீரை இருபத்தைந்துக்குக் கொண்டுவர வாரக்கணக்கில் ஆகியிருக்கும். இன்னும் நாலு நாள் விட்டால் இன்னும் கொஞ்சம் உப்பு வாரலாமே என்று தோன்றும். பழைய நஞ்சோடை மேலேயே புதுத் தண்ணீரைக் கட்டுவோம். உப்பு கூடத்தான் செய்யும், ஆனால் ஒவ்வொரு மணியிலும் மக்னீசியம் ஒட்டிக்கொண்டு வரும். நானும் ஒரு பருவத்தில் இதைச் செய்தேன். ஒரு ரசாயன ஆலைக்குப் போன என் லாரி, வாசலில் மாதிரி எடுத்துப் பார்த்து, மக்னீசியம் கூடுதல் என்று அப்படியே திரும்பி வந்தது. போக வாடகை, வர வாடகை, இறக்குகூலி எல்லாம் என் தலையில். லாரியின் அடிப்பலகையிலிருந்து நஞ்சோடை சொட்டிக்கொண்டே வந்திருந்தது, சாலையில் ஈரக்கோடு மாதிரி.

ஆலைக்காரர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை என்பது அப்புறம் புரிந்தது. காஸ்டிக் சோடா தயாரிக்கும் இன்றைய ஆலைகள் உப்புக் கரைசலை ஒரு மெல்லிய சவ்வு வைத்த கலத்தில் மின்னாற்பகுக்கின்றன. அந்தச் சவ்வுக்குக் கால்சியமும் மக்னீசியமும் ஆகவே ஆகாது. இரண்டும் சேர்ந்து கலத்துக்குள் போகும் கரைசலில் 100 கோடியில் 20 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. உப்பில் அழுக்கு கூடினால் அதை நீக்கச் சோடா சாம்பலுக்கும், அழுக்கைப் பிடித்துக்கொள்ளும் பிசினுக்கும் அவர்கள் செலவழிக்க வேண்டும். அந்தச் செலவை நம் விலையில் கழிப்பார்கள், இல்லையென்றால் லாரியைத் திருப்புவார்கள்.

சரி, நஞ்சோடைக்கு வருவோம். அதிலிருந்து புரோமின் எடுக்கும் முறை பழையதுதான்: நஞ்சோடையில் குளோரின் வாயுவைச் செலுத்தினால் புரோமின் விடுபடும், நீராவி கொண்டு அதைப் பிரித்துக் குளிர வைத்தால் செங்கபில நிறத் திரவமாக இறங்கும். கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் குளோரினை வேறு ஊரிலிருந்து கொண்டுவர வேண்டும், நீராவிக்கு எரிபொருள் வேண்டும், சாதாரண இரும்பு நாளாகாமல் அரித்துவிடும் என்பதால் கண்ணாடிப் பூச்சு, டைட்டானியம் என்று கருவிகள் வேண்டும். புரோமின் 59 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும்; அதன் புகை மூச்சுக்குழாயை எரிக்கும். இவ்வளவும் போட்டபின் ஆலை வருடம் முழுக்க ஓடினால்தான் வட்டி கட்ட முடியும். எங்களுக்கோ நஞ்சோடை வருவது கோடை தொடங்கிப் புரட்டாசி வரைக்கும்தான். ஐப்பசி மழை விழுந்தால் எல்லாம் நீர்த்துப்போகும். அதுவும் ஒரே இடத்தில் வருகிறதா? திருப்பாலைக்குடி, உப்பூர், சம்பை, கோப்பேரிமடம், ஆனைக்குடி என்று சிதறிக் கிடக்கிற சிறு அளங்களில், ஆளுக்கொரு ஓடையில்.

மக்னீசியத்தைச் சுண்ணாம்பு போட்டு இறக்கலாம். இறங்குவது கூழ் மாதிரி இருக்கும், வடிகட்டியை அடைக்கும். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை.

பொட்டாசியத்தைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. வயலுக்குப் போடும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் முழுவதையும் நம் நாடு இறக்குமதிதான் செய்கிறது. அப்படியிருக்க நஞ்சோடையை இன்னும் காயவைத்துப் பொட்டாஷ் எடுத்தால் என்ன என்று நானே ஒரு கத்தரி வெயிலில் சோதித்துப் பார்த்தேன். வீட்டிலிருந்த எவர்சில்வர் தாம்பாளத்தில் நஞ்சோடையை ஊற்றி மொட்டைமாடியில் வைத்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு ஓரத்தில் வெள்ளையாக ஆடை கட்டியது. மறுநாள் காலை போய்ப் பார்த்தால் ஆடையைக் காணோம், தாம்பாளம் முழுக்க எண்ணெய் மாதிரித் தளதளவென்று ஈரம். ஐந்து நாளும் இதே கதை. ஆறாம் நாள் தாம்பாளத்தில் புள்ளி புள்ளியாக அரிப்பு விழுந்திருந்தது. அதற்கு இன்றுவரை எனக்குத் திட்டு விழுகிறது.

காரணத்தைப் பிறகு ஒரு வேதியியல் ஆசிரியர் விளக்கினார். சாப்பாட்டு உப்புக்குக் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் போதும், காய்ந்துவிடும். மக்னீசியம் குளோரைடு காய வேண்டுமானால் ஈரப்பதம் 33 சதவீதத்துக்கும் கீழே இறங்க வேண்டும். மன்னார் வளைகுடா ஓரத்தில் ராத்திரி எந்த மாதத்தில் அப்படி இறங்கும்? குஜராத்தின் கட்ச் ரண்ணில் வறண்ட காற்றும் கண்ணுக்கெட்டிய தூரம் தட்டை நிலமும் இருக்கின்றன. அங்கே நடப்பது இங்கே நடக்கவில்லையே என்று கேட்பது, எங்கள் சேற்றுக்கும் காற்றுக்கும் நியாயமான கேள்வி இல்லை.

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதானா என்றால், இல்லை. என் ஆதங்கமே வேறு. எல்லோரும் புரோமின், பொட்டாஷ் என்று தூரத்தில் இருப்பதைப் பேசுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் உப்பைச் சுத்தமாக்குவதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. வாரிய உப்பை, ஏற்கெனவே உப்பு நிறைந்து இனிக் கரைக்க முடியாத நீரில் கழுவினால், உப்பு அதிகம் கரையாது, மணிமேல் ஒட்டிய மக்னீசியம் போய்விடும். ஆனால் கழுவும் இயந்திரம், பம்பு, பிழிந்து உலர்த்தும் கருவி, மின்சாரம் எல்லாம் பத்து ஏக்கர்க்காரருக்குக் கட்டுப்படியாகாது. திருப்பாலைக்குடி, உப்பூர்ப் பக்கம் ஒன்று, வாலிநோக்கம் பக்கம் ஒன்று எனப் பொதுவான கழுவு நிலையமும், லாரி ஏற்றும் முன்பே மக்னீசியம் எவ்வளவு என்று சொல்லும் ஒரு சிறு பரிசோதனை மேசையும் வந்தால், என் லாரி திரும்பியதுபோல் இன்னொருவர் லாரி திரும்பாது. நஞ்சோடையை 29 டிகிரியில் திறந்துவிட்டவருக்கு நல்ல விலை கிடைக்கும் என்றால் அவரவரே திறந்துவிடுவார்.

நஞ்சோடையைச் சேர்த்து ஏதாவது செய்வதென்றால் 1974இல் தொடங்கிய தமிழ்நாடு உப்பு நிறுவனம் வாலிநோக்கத்தில் நடத்தும் பெரிய அளத்திலிருந்து தொடங்குவதுதான் பொருத்தம். 'நெய்தல் உப்பு' என்று பாக்கெட் போட்டதும், மழைக்காலத்தில் தொழிலாளருக்கு அரசு 5,000 ரூபாய் கொடுக்க முன்வந்ததும் நல்ல காரியங்கள். நஞ்சோடையிலிருந்து பொட்டாஷ் எடுக்கும் முறைகளை ஆராய்ந்த மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 1954 முதல் பாவ்நகரில் இருக்கிறது. அதன் கிளை நிலையம் எங்கள் மண்டபத்திலேயே இருக்கிறது. அங்கே பார்ப்பது கடற்பாசியை. உப்புக்கும் அங்கே ஒரு மேசை போட்டால் பாவ்நகருக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு வந்த படத்தின் கீழே 'உப்பளத் தொழிலாளர் குடிசைகள்' என்று போட்டிருந்தீர்கள். அவை குடிசைகள் இல்லை. மழைக்கு முன்னால் பனையோலை போட்டு மூடிவைத்த உப்பு அம்பாரங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய அளத்துக் கணக்கர்,
சாயல்குடி