கோதை என்னும் பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பெண் குழந்தைகளுக்கு மீண்டும் சூட்டப்பெறும் பழைய பெயர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், 'கோதை' என்பதற்கு நேரே 'ஆண்டாளின் மறுபெயர்' என்று மட்டும் இடப்பட்டிருந்தது. தவறில்லை; ஆனால் விளக்கம் அவ்வளவில் நின்றுவிட்டதால், பக்திக்குடும்பத்தார்க்கு மட்டுமே உரிய பெயர் இது என்ற எண்ணம் படிப்பவர்களுக்கு உண்டாகும்.

கோதை என்றால் முதற்பொருள் பூமாலை. நூலில் கோப்பது கோவை ஆவதுபோலக் கோதையும் 'கோத்தல்' வழி வந்தது என்பர். மாலை சூடிய பெண்ணுக்கும், அவளது கூந்தலுக்கும், ஏன், வில்லாளி தன் கையில் கட்டிய தோலுறைக்குங்கூட இச்சொல் வழங்கியிருக்கிறது. இவற்றையெல்லாம்விட வகுப்பில் மாணவர்களை வியக்கவைத்த செய்தி ஒன்று உண்டு: கோதை என்பது ஆண்பெயராகவும் இருந்தது. சேரமான் கோக்கோதை மார்பனைப் பொய்கையார் பாடிய புறநானூற்று 48ஆம் பாட்டு, 'கோதை மார்பின் கோதையானும், கோதையைப் புணர்ந்தோர் கோதையானும்' என்று தொடங்கும். இவ்வடிகளில் ஒரே சொல் நான்கு முறை வருகிறது. இரண்டிடத்தில் அரசன், இரண்டிடத்தில் மாலை. அவன் மார்பில் கிடந்த மாலையாலும், அவனைத் தழுவிய மகளிர் சூடிய மாலையாலும், கழியில் மலர்ந்த நெய்தலாலும் தொண்டி நகர் தேன் மணக்கிறது என்கிறார் புலவர். கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த வெள்ளிக்காசுகளில் 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை' என்று தமிழ்ப் பிராமி என்னும் பழைய எழுத்தில் பொறித்திருப்பதும், 10ஆம் நூற்றாண்டில் சேர நாட்டை ஆண்டவர்களுள் கோதை இரவி என்று ஒருவர் இருந்ததும் இதற்குச் சான்றுகள்.

பின்னாளில் இப்பெயர் முழுக்கப் பெண்பாலாகி நிலைத்ததற்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்ணொருத்தியின் புகழைத்தான் காரணமாகச் சொல்லத் தோன்றுகிறது. நந்தவனம் வைத்து இறைவனுக்கு மாலை தொடுத்துவந்த பெரியாழ்வார், தாம் கண்டெடுத்த மகளுக்கு மாலை என்றே பெயரிட்டார் என்பது எவ்வளவு பொருத்தம்! 'ஆண்டாள்' என்பது உலகம் தந்த சிறப்புப்பெயர்; திருப்பாவையின் கடைசிப் பாட்டில் அவர் தம்மைச் சொல்லிக்கொள்வது 'பட்டர்பிரான் கோதை', அதாவது பெரியாழ்வாரின் மகள் கோதை, என்றுதான். வடமொழியாளர் இதனைக் 'கோதா' எனக் கொண்டு வேறு பொருள் விரிப்பர். வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் ஆண்டாளைப் போற்றிப் பாடிய கோதாஸ்துதி அவ்வழியில் வந்தது. அது அவர்கள் மரபு. எனக்கோ, இன்றும் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை சித்திரையில் மதுரைக் கள்ளழகருக்கும், புரட்டாசியில் திருப்பதிக்கும் ஊர்விட்டு ஊர் போவதைக் காணும்போது, மாலை என்ற பொருளே போதும் என்று தோன்றும்.

நம் பாட்டிமார் காலத்தில் இது கோதையம்மாள் என்றும் கோதைநாயகி என்றும் வழங்கியது. 115 நாவல்கள் எழுதி, 'ஜகன்மோகினி' இதழையும் நடத்திய வை.மு.கோதைநாயகி அம்மாள் (1901–1960) அந்தத் தலைமுறையினர். அதன்பின் பெயர் மங்கியதற்குப் பெரிய காரணங்களைத் தேட வேண்டியதில்லை. முப்பது ஆண்டுகள் வருகைப்பதிவு எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பின்வரிசைப் பையன்கள் 'கோதை, போதை' என்று இழுத்து முடிப்பதைக் கேட்டு அழுத மாணவியை எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பு முடிவதற்குள் அவள் பெயரை மாற்றிக்கொண்டுவிட்டாள்.

இப்போது என் பேத்திக்கு இப்பெயரை இட்டிருக்கிறோம். பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்கப் போனபோது, ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று கேட்டார் எழுத்தர். 'கே' என்று தொடங்க வேண்டும் என்றேன் நான். கோதாதேவியை நினைத்து 'ஜி' என்றார் சம்பந்தி. நாங்கள் வாதாடி முடிப்பதற்குள், வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் 'கே'யில் தொடங்கவே ஒப்புக்கொண்டோம். கைக்கு வந்த சான்றிதழில் தமிழில் 'கீதை' என்று அச்சாகியிருந்தது. திருத்தத்துக்கு மனு கொடுத்திருக்கிறேன். குழந்தை பிறந்து ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்க வழியிருப்பதால், பெற்றோர் அவசரப்படாமல் இரண்டு மொழியிலும் எழுத்தைத் தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது.

தாங்கள் அடுத்த பெயர்ப்பட்டியல் வெளியிடும்போது, கோதைக்கு நேரே 'பூமாலை' என்பதை முதலில் இட்டு, ஆண்டாளையும் சேர அரசனையும் அதன்பின் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.