மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை நிறுத்தி வைக்கும் நாட்களுக்கு இழப்பீடு கோரும் மனு

அனுப்புநர்: சிறு பால் உற்பத்தியாளர் ஒருவர், திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம், திருவண்ணாமலை.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

என்னிடம் இரண்டு கறவை மாடுகள் இருக்கின்றன. சென்ற மாதம் ஒன்றுக்கு மடிநோய் வந்து ஒரு காம்பு கல்லுபோல வீங்கிவிட்டது. மூன்று நாள் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள்; மாடு தேறிவிட்டது. ஆனால் எத்தனை நாள் பால் கூட்டுறவுச் சங்கத்தில் அதன் பாலை ஊற்றக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மருந்துப் பெட்டியில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்ததை என் மகள்தான் படித்துச் சொன்னாள். மற்ற மூன்று காம்புப் பால் நல்ல பால்தானே என்று இருந்தேன். ஊசி மருந்து ரத்தத்தில் கலந்து நான்கு காம்பிலும் இறங்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அந்தப் பாலைக் காய்ச்சினாலும் மருந்து முழுதாகப் போகாது. உறை ஊற்றினால் சரியாகத் தோயாது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாக மருந்துக்குப் பழகிய கிருமிகள், நாளை ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வரும்போது மருந்துக்கு அடங்காது. 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் சோதித்த 6,432 பால் மாதிரிகளில் 77இல் அளவுக்கு மேல் ஆன்டிபயாடிக் இருந்தது. 77 குறைவாகத் தோன்றலாம். ஆனால் ஒரு மாட்டின் பால் குளிரூட்டும் தொட்டியில் ஊர்ப் பாலோடு சேர்ந்துவிட்டால் பிரித்தெடுக்க வழியே இல்லை. எங்கள் சங்கத்தில் கொழுப்பும் இதரச் சத்தும் பார்க்கிறார்கள், மருந்தைப் பார்ப்பதில்லை.

மருந்துக்கென்று தனியாக நாள் கணக்கு உறுதிசெய்யப்படாவிட்டால், பாலுக்குக் குறைந்தது 7 நாள் காத்திருக்க வேண்டும் என்று மருந்து விதிகளிலேயே 2012 முதல் இருக்கிறது. ஊசி போட்ட 3 நாளையும் சேர்த்து 10 நாள், நாளுக்கு 8 லிட்டர் பாலைக் குழி தோண்டி ஊற்றினேன். லிட்டர் 35 ரூபாய் என்றாலும் 2,800 ரூபாய். தீவனக் கடன் அப்படியே நிற்கிறது. பாலைக் கொட்டுகிறவருக்கு நஷ்டம், சொல்லாமல் கேனில் ஊற்றுகிறவருக்கு முழுப் பணம் என்று இருந்தால், இரண்டு மாடு வைத்திருப்பவர் என்ன செய்வார்?

ஆகவே கால்நடை மருத்துவர் எழுதித் தரும் சீட்டைச் சங்கத்தில் காட்டினால், நிறுத்தி வைத்த நாட்களுக்குப் பால் விலையில் பாதியாவது கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். எந்தத் தேதி முதல் பால் ஊற்றலாம் என்பதை அந்தச் சீட்டில் தமிழில் எழுதித் தரவும் உத்தரவிட வேண்டும். குளிரூட்டும் நிலையங்களில் மருந்துச் சோதனை தொடங்கினால் நல்லது. அதற்கு முன் இழப்பீடு வர வேண்டும். இல்லையென்றால் பிடிபடுவது ஏழைதான்.

சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்து மடியில் பூசும் முறையைத் தேசிய பால்வள வாரியமே பரிந்துரைக்கிறது. ஆரம்பத்திலேயே அதைச் செய்யக் கற்றுத்தர ஊருக்கு ஒரு முகாம் நடத்தினால், பல மாடுகளுக்கு ஊசியே தேவைப்படாமல் போகலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பால் உற்பத்தியாளர்