அந்தப் பத்து நிமிடத்தை நானும் செலவழித்தேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாட்டுங்காவில் குடியிருந்த நாளிலிருந்து தங்கள் பத்திரிகையை வாங்குகிறேன். இப்போது செம்பூரில் இருக்கிறேன். இத்தனை வருடத்தில் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

நன்கொடை கொடுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி இருந்தது. போலி அறக்கட்டளைகளிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறுகிறவர்களுக்காகப் பரிதாபப்படத் தேவையில்லை, பத்து நிமிடம் இணையத்தில் தேடியிருந்தால் போதும் என்று. திரும்பத் திரும்பப் படித்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஐயா, நான் தேடினேன்.

2023 டிசம்பரில் என் கணவரின் முதல் வருஷ நினைவு நாள் வந்தது. ஐம்பது பேருக்குச் சாப்பாடு போடலாமா, அந்தப் பணத்தை நல்ல காரியம் எதற்காவது கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில் ஒரு போன். "அம்மா, நாங்களும் தமிழ்க்காரங்கதான், தாராவியில இருந்து பேசறேன்" என்றது ஒரு பெண் குரல். நாலு வயதுக் குழந்தைக்கு இதயத்தில் ஆபரேஷனாம், நாளைக்குள் பணம் கட்ட வேண்டுமாம். மத்தியானத்தில் எனக்கு வருகிற போனெல்லாம் இந்தியிலோ மராத்தியிலோதான் இருக்கும். தமிழில் அம்மா என்று கூப்பிட்டால் மனசு இளகாதா?

அப்போதும் உடனே கொடுத்துவிடவில்லை. ஒன்பதாவது படிக்கும் பேரனைக் கூப்பிட்டு, வருமான வரித்துறையின் இணையதளத்தில் அந்த அறக்கட்டளையின் பெயரைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். "இருக்கு பாட்டி, 80ஜி இருக்கு" என்றான், நன்கொடைக்கு வரிச் சலுகை தரும் அனுமதியைத்தான் அப்படிச் சொன்னான். 15,000 ரூபாய் அனுப்பினேன். முத்திரை குத்திய ரசீதும் வந்தது. அதை அவர் படத்துக்குக் கீழே வைத்தேன்.

ஜனவரியில் அதே குரல், வேறு ஒரு குழந்தை. எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, நேரில் வந்து பார்க்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டாள். ரசீதில் இருந்த விலாசத்தைத் தேடிக்கொண்டு காட்கோபர் போனேன். அது ஒரு ஜெராக்ஸ் கடை. தபால் வரும், ஒரு ஆள் வந்து வாங்கிக்கொண்டு போவான் என்றார் கடைக்காரர்.

வரிக் கணக்கு போடும் சமயத்தில் ஆடிட்டர் சொல்லித்தான் மிச்சம் தெரிந்தது. ரசீது மட்டும் இருந்தால் இப்போது போதாதாம். நன்கொடை வாங்கினவர்கள் 10பிடி என்ற படிவத்தில் நம் பெயரையும் தொகையையும் மே 31க்குள் வரித்துறைக்குத் தெரிவித்து, 10பிஇ என்ற சான்றிதழை நமக்குத் தர வேண்டுமாம். எனக்கு எதுவும் வரவில்லை. அவர் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அதே இணையதளத்தைத் திறந்து காட்டினார். பேரன் பார்த்தது நிஜமாகவே பதிவான வேறு ஒரு அறக்கட்டளை. பெயரில் ஒரே ஒரு வார்த்தைதான் வித்தியாசம். "பெயரைப் பார்க்காதீங்கம்மா, ரசீதில் இருக்கும் பான் எண்ணைப் போட்டுப் பாருங்க" என்றார். இரண்டு பக்கக் கட்டுரையில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் எத்தனை பேருக்கு உதவியாக இருந்திருக்கும்!

சரி, பான் எண்ணும் பொருந்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். 80ஜி என்பது வரிச் சலுகைக்கான அனுமதி. அவர்கள் நல்ல வேலை செய்கிறார்கள் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. இன்னும் வேலையே தொடங்காத அறக்கட்டளைக்கும் தற்காலிகமாக 3 வருடத்துக்கு அனுமதி கிடைக்கும். தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்துகொள்கிற, மத்திய அரசின் நிதி ஆயோக் நடத்தும் தர்பண் தளத்தில் கிடைக்கிற எண்ணும் ஒரு பதிவு எண்தான். மகாராஷ்டிராவில் 1950ஆம் வருடச் சட்டப்படி அறக்கட்டளைகள் கணக்குகளைத் தணிக்கை செய்து, அறக்கட்டளைகளைக் கண்காணிக்கிற அரசு அதிகாரியான சாரிட்டி கமிஷனருக்குக் கொடுக்க வேண்டும், அலுவலகம் வொர்லியில் இருக்கிறது. ஆயிரம் ரூபாய் கொடுக்க நினைக்கிற வயதானவர்கள் ஒவ்வொருவரும் வொர்லிக்குப் போய் வர முடியுமா?

கட்டுரையில் இன்னொரு யோசனை: நிர்வாகச் செலவு குறைவாக இருக்கிற இடமாகப் பார்த்துக் கொடுங்கள் என்று. அம்பர்நாத் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்கு நான் இரண்டு வருடமாகக் கொடுக்கிறேன். முதல் தடவை போனபோது அங்கே பொறுப்பில் இருந்த அம்மாள் நோட்டைத் திறந்து காட்டினார். ஆயா கிடைக்காமல் சம்பளத்தை ஏற்றியதால் அந்த மாதம் அரிசிக்கு வைத்திருந்த பணத்தில் கை வைத்துவிட்டோம் என்று அவராகவே சொன்னார். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவரைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறவளின் சம்பளத்தை நிர்வாகச் செலவு என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. எனக்குப் போன் செய்த பெண் சொன்னாள், உங்கள் பணத்தில் நூற்றுக்கு நூறும் குழந்தைக்கே போகும் என்று. அப்படியானால் அவளுக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

வரிச் சலுகைக்காகவாவது கொடுங்கள் என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். 2023-24லிருந்து நாமாக மாற்றாவிட்டால் புதிய வரி முறைதான், அதில் 80ஜி கழிவு கிடையாது. பழைய முறையிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது.

மனசில் கிடப்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே இதழில், அந்தக் கட்டுரைக்கு நாலு பக்கம் தள்ளி, அழுகிற குழந்தையின் படம் போட்டு முழுப் பக்கத்துக்கு ஒரு நன்கொடை விளம்பரம். வங்கிக் கணக்கு எண் இருந்தது, பதிவு எண் இல்லை, விலாசம் இல்லை. நாங்கள் பத்து நிமிடம் தேட வேண்டும் என்றால், விளம்பரத்தை ஏற்றுக்கொண்ட தங்கள் பத்திரிகையார் ஐந்து நிமிடமாவது தேடியிருக்கலாமே. 2018இல் கஜா புயலுக்குத் தாங்கள் நிதி திரட்டியபோது எங்கள் கட்டடத்தில் வீடு வீடாக ஏறி வசூலித்து அனுப்பினேன். கொடுத்தவர்கள் பெயரெல்லாம் வந்தது. வேதாரண்யம் பக்கம் அந்தப் பணத்தில் என்ன செய்யப்பட்டது என்று ஒரு வரிகூட இன்றுவரை வரவில்லை. கீழ்வீட்டுக்காரர் கேட்கும்போதெல்லாம் பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிறவள் நான்.

மாட்டுங்கா வீட்டில் எங்கள் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து டப்பாவில் போடுவார். சனிக்கிழமை வந்து வாங்கிக்கொண்டு போகிறவர் திண்ணையில் உட்கார்ந்து, யார் யார் சாப்பிட்டார்கள், யாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் அரிசி எங்கே போகிறது என்று தெரியும். இப்போது எங்கள் கட்டடத்துப் பெண்கள் இரண்டு பேர் பரேலில் டாடா புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வெளியே நடைபாதையில் தங்கியிருக்கிறவர்களுக்கு வாரம் ஒரு நாள் சப்பாத்தி கொண்டுபோகிறார்கள். மாவு நான் வாங்கித் தருகிறேன், முட்டி வலி இல்லாத நாளில் கூடவே போய் வருகிறேன்.

தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். நன்கொடை விளம்பரங்களைப் போடும்போது அறக்கட்டளையின் பான் எண்ணும் 80ஜி பதிவு எண்ணும் நேரில் போய்ப் பார்க்கக்கூடிய விலாசமும் இருந்தால் மட்டும் போடுங்கள். கஜா நிதிக் கணக்கைக் கால் பக்கத்திலாவது வெளியிடுங்கள், கீழ்வீட்டுக்காரரிடம் காட்ட வேண்டும். கட்டுரை எழுதியவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுங்கள்.

தங்கள் நீண்டநாள் வாசகி,
செம்பூர், மும்பை