போர்ட்டிகோவில் ஒரு நாற்காலி

அன்புடையீர், வணக்கம்.

அப்பா நேற்று மாலை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிவிட்டார். நடந்தவற்றை நீங்கள் அனைவரும் அறிவீர்கள் என்பதால் அவற்றை மீண்டும் விவரிக்கவில்லை. பயணச்சீட்டுக்குப் பணம் திரட்டிய நண்பர்களுக்கும், தேர்வைத் தள்ளிவைத்த பேராசிரியர்களுக்கும், ஊரில் இரத்தம் கொடுக்க முன்வந்த முகமறியாத இளைஞர்களுக்கும் நான் என்றென்றும் கடன்பட்டிருக்கிறேன்.

ஆயினும், லாஸ் ஏஞ்சல்ஸில் எங்கள் சட்டக் கல்லூரி இயங்கும் புல்லக்ஸ் வில்ஷயர் கட்டடத்தில் அன்றிரவு காவல் பணியில் இருந்த பெரியவருக்குத்தான் இந்த மடலை முதன்மையாக எழுதுகிறேன். அப்பாவைப் பற்றிய செய்தி வந்ததும் நூலகத்திலிருந்து வெளியேறிய நான், அதற்கு மேல் நடக்க இயலாமல் பின்புறப் போர்ட்டிகோவின் தரையிலேயே அமர்ந்துவிட்டேன். அவர் எதையும் விசாரிக்கவில்லை. தாம் அமர்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி வந்து என்னருகே போட்டுவிட்டு, விமான நிலையத்துக்கு வண்டி வரும்வரை ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றுகொண்டே இருந்தார்.

அந்தக் காத்திருப்பில்தான், மேலே பார்க்கும்படி மெல்லச் சொன்னார். 1929 செப்டம்பரில் இந்தக் கட்டடம் சொகுசு அங்காடியாகத் திறக்கப்பட்டபோது, செல்வந்தர்கள் காரில் வந்து இறங்குவதற்காகவே முதன்மை வாயிலைப் பின்புறத்தில் அமைத்தார்கள் என்றும், அவர்களை வரவேற்பதற்காகவே ஹெர்மன் சாக்ஸ் அந்த விதானத்தில் ஓவியம் தீட்டினார் என்றும் விளக்கினார். ரயில், கப்பல், விமானம் ஆகியவற்றோடு, அங்காடி திறப்பதற்கு முந்தைய மாதம் இந்நகரில் வந்திறங்கிய கிராஃப் செப்பலின் வான்கப்பலும் அதில் இருக்கிறது. ஈராண்டுகளாக அதன் கீழ் நடந்தும் நான் ஒருமுறைகூட அண்ணாந்து பார்த்ததில்லை. கடல் கடந்து அப்பாவிடம் போய்ச் சேர முடியும் என்ற நம்பிக்கை, அந்த ஓவியத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில்தான் எனக்குள் திரும்பியது.

அங்காடி 1993-இல் மூடப்பட்டது. மறு ஆண்டே கல்லூரி அதை வாங்கி, பழைமை குலையாமல் புதுப்பித்தது. அவ்வாறு செய்திராவிட்டால் அன்றிரவு அந்த விதானம் எனக்கு வாய்த்திருக்காது என்பதால், அதைக் காத்தவர்களுக்கும் நன்றி சொல்லத் தோன்றுகிறது.

ஓவியத்தின் படத்தை அப்பாவிடம் காட்டியபோது, வான்கப்பலின் மேல் விரல் வைத்து, "இதில் எத்தனை பேர் போகலாம்?" என்று கேட்டார். இரண்டு வாரங்களுக்குப் பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி அது. அவர் நன்றாக நடக்கத் தொடங்கியதும் அந்தப் போர்ட்டிகோவுக்கு அழைத்துச் செல்வதாக வாக்களித்திருக்கிறேன். அன்று அந்தப் பெரியவரும் பணியில் இருக்க வேண்டும்.